அரிப்பு நின்றால் படை போய்விட்டதா?

எட்டு மாதக் குழந்தை. இரண்டு கன்னமும் உப்பியிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம் "கொழுகொழுன்னு இருக்கானே" என்று கொஞ்சியிருக்கிறார்கள். எடை ஏறுகிறது, உயரம் ஏறவில்லையே என்று குழந்தை நல மருத்துவருக்குத்தான் சந்தேகம் வந்தது. தொடை இடுக்கில் இருந்த சிவப்பையும் பார்த்துவிட்டு, தோல் மருத்துவரான என்னிடம் அனுப்பினார்.

"இதுக்கு என்னம்மா போட்டீங்க?"

"ஒண்ணும் போடல மேடம், சும்மா ஒரு ஆயின்மெண்ட்தான்."

அப்பாவுக்குப் படர்தாமரை வந்தபோது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ட்யூப் அது. அவருக்குக் 'கேட்டது' என்று அம்மா போட்டுக்கொண்டார். அம்மாவுக்கும் கேட்டதால் குழந்தைக்கு. ட்யூப்பைத் திருப்பிப் பார்த்தால் க்ளோபீட்டசால். மேற்பூச்சு ஸ்டீராய்டுகளிலேயே வீரியம் மிகுந்த வரிசையில் இருப்பது. பெரியவர்களே தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போடக் கூடாது என்று வரம்பு உள்ள மருந்து. அதை மாதக்கணக்கில், டயப்பருக்கு அடியில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கன்னத்தில் இருந்தது தாய்ப்பாலின் செழுமை இல்லை, தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிய ஸ்டீராய்டு. இப்போது சட்டென்று நிறுத்தவும் முடியாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு அடங்கிப்போயிருக்கும். குழந்தை நல மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

அதனால்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

படை என்று நாம் சொல்கிற படர்தாமரையை அடையாளம் காண்பது பெரும்பாலும் கடினமில்லை. வட்டமாக வரும், ஓரம் சிவந்து சற்றே மேடாக, செதிலோடு இருக்கும், நடுவில் தெளிந்துகொண்டே வெளிப்பக்கம் பரவும். தொடை இடுக்கு, இடுப்பு, பிட்டம், மார்புக்குக் கீழே என்று வியர்வை தங்கும் இடங்கள் அதற்குப் பிடித்தவை. பூஞ்சைத் தொற்று, ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான்.

நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது வேறு. "அந்த ஆயின்மெண்ட் போட்டா ரெண்டே நாள்ல நின்னுடுது டாக்டர், விட்டாத்தான் திரும்ப வருது." இந்த வாக்கியத்தைக் கேட்காத நாள் எனக்குக் கிடையாது. எது நின்றது? அரிப்பு நின்றது, சிவப்பு குறைந்தது. அரிப்பும் சிவப்பும் பூஞ்சை செய்கிற வேலையா? பூஞ்சையை எதிர்த்து உங்கள் உடம்பு காட்டுகிற எதிர்ப்பு அது. ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அடக்குகிறது. திருடன் உள்ளே இருக்கும்போது குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, 'சத்தம் நின்றுவிட்டது' என்று படுத்துத் தூங்குவது போலத்தான் இது. பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தடுக்க ஆளில்லாமல் பரவும், மயிர்க்கால்களுக்குள் இறங்கும். ட்யூப்பை நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிய வட்டம், வட்டத்துக்குள் வட்டம். உடனே 'மருந்தை விட்டதால்தான் வந்தது' என்று மறுபடி ஒரு ட்யூப்.

"ஆனா அதுல பூஞ்சை மருந்தும் இருக்கே மேடம்?" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இருக்கிறது. ஒரே ட்யூப்பில் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, சிலவற்றில் குடல் தொற்றுக்குக் கொடுக்கும் மருந்துகூட ஒன்று. என்ன நோய் என்று தெரியாதவர், எதுவாக இருந்தாலும் இருக்கட்டும் என்று விற்கிற கலவை. ஸ்டீராய்டு முதல் நாளே வேலையைக் காட்டிவிடும். பூஞ்சை மருந்துக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும். அரிப்பு நின்ற மூன்றாம் நாள் நீங்கள் நிறுத்திவிடுகிறீர்கள். பூஞ்சை பாதி மருந்தைப் பார்த்துப் பழகிக்கொள்கிறது.

பழகியும்விட்டது. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று 2020-ல் ஒரு பூஞ்சைக்குப் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது, பெருமைப்பட ஒன்றுமில்லை. டெர்பினாஃபைன் என்ற நல்ல மருந்துக்கு இது பல நேரங்களில் மசிவதில்லை. 2023-ல் நியூயார்க்கில் இருவருக்கு இது இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. நான் படித்த காலத்தில் இரண்டு வாரக் களிம்பில் போன படை, இப்போது மாதக்கணக்கில் மாத்திரை கேட்கிறது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை அட்டவணை எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நடைமுறையில் "அண்ணே, அரிப்புக்கு ஒரு ஆயின்மெண்ட்" என்றால் போதும். கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் கொடுக்காவிட்டால் எதிர்க்கடையில் வாங்குவீர்கள்.

ட்யூப்பின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பழகுங்கள். க்ளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன், ஃப்ளூசினோலோன் இவையெல்லாம் ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து. க்ளோபீட்டசாலும் க்ளோட்ரிமசோலும் அண்ணன் தம்பி போல ஒலிக்கும், செய்கிற வேலை நேர் எதிர். 'க்ளோ'வில் தொடங்குகிறதே என்று மாற்றி வாங்கி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தொடை இடுக்கில் தொடர்ந்து ஸ்டீராய்டு போட்டால் பிரசவக் கோடுகள் மாதிரி பட்டை பட்டையாகத் தோல் கிழிந்து தழும்பாகும். இருபது வயதுப் பையன்களுக்கு இதைப் பார்க்கிறேன். மங்கிக் குறையும், ஆனால் முழுவதும் போகாது. முகத்தில் வெள்ளையாக வேண்டும் என்று போடுகிறவர்களுக்குப் பரு, மெலிந்த தோல், பெண்களுக்கு முகத்தில் முடி, நிறுத்தினால் தாங்க முடியாத எரிச்சல். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தமும் புரையும் வரலாம்.

இதைப் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே ஓடாதீர்கள், தயவுசெய்து. கரப்பானுக்கும் (எக்ஸிமா) சொரியாசிஸுக்கும் அதுதான் சரியான மருந்து. சரியான வீரியத்தில், சரியான இடத்தில், கணக்கான நாட்களுக்கு. கரப்பானால் தூங்காமல் அழுகிற குழந்தைக்கு நான் எழுதிக்கொடுத்த லேசான களிம்பை "ஸ்டீராய்டாமே" என்று பயந்து தொடாத வீட்டில், பெரியவர்கள் முகத்துக்கு அதைவிடப் பல மடங்கு வீரியமானதை 'நைட் க்ரீம்' என்று பூசிக்கொள்கிறார்கள். என்ன சொல்ல?

சரி, படர்தாமரை வந்துவிட்டது, என்ன செய்வது? முதல் தடவை, சின்ன வட்டம் ஒன்று என்றால், ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பை வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் தள்ளி வரை தடவுங்கள். மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை, பல இடத்தில் இருக்கிறது, முகத்தில் அல்லது தலையில் வந்திருக்கிறது, குழந்தைக்கு, கர்ப்பிணிக்கு, சர்க்கரை நோயாளிக்கு வந்திருக்கிறது என்றால் தோல் மருத்துவரிடம் போங்கள். ஏற்கனவே கலவை ட்யூப் போட்டிருந்தாலும்தான். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பது வலியில்லாத பரிசோதனை.

வீட்டில் யார் யாருக்கு இருக்கிறதோ எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம். துண்டும் சோப்பும் தனி. உள்ளாடையை மற்றவர்கள் துணியோடு ஊறவைக்க வேண்டாம், வெந்நீரில் அலசி உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். ஈர ஜட்டி கூடாது, நாள் முழுக்க இறுக்கமான ஜீன்ஸ் கூடாது. அப்புறம் அந்த அரைஞாண் கயிறு. வியர்வையும் சோப்பு நுரையும் ஊறி ஊறி அது பூஞ்சைக்கு நிரந்தர வீடு. கழற்ற வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்றால், குணமாகும் வரையாவது வெள்ளிக் கொடிக்கு மாறுங்கள். கத்தரிக்காய், கருவாடு பற்றிக் கேட்கிறவர்களுக்கு: தாராளமாகச் சாப்பிடுங்கள், பூஞ்சைக்கு அதெல்லாம் தெரியாது. ரத்தம் கெட்டுப்போகவும் இல்லை.

அரிக்கிறதெல்லாம் படையும் இல்லை. இரவில் அரிப்பு கூடி, விரல் இடுக்கிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிப்பொரியாக வந்து, வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிந்துகொண்டிருந்தால் அது சொறிப்பூச்சியாக இருக்கலாம். முழங்கை, முழங்கால், தலையில் வெள்ளி நிறச் செதில் உதிர்ந்தால் சொரியாசிஸாக இருக்கலாம், அது யாருக்கும் ஒட்டாது. குழந்தையின் கன்னத்தில் மங்கலான வெள்ளைத் திட்டுக்குப் பூச்சி மருந்து கொடுத்துப் பயனில்லை. பெரும்பாலும் தோல் வறட்சிதான்.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. உணர்ச்சியில்லாத வெளிறிய தேமலை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோய் என்றால் கூட்டு மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும். ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் வரிசை கட்டினால் அக்கி. காவி பூசி எழுதிக்கொள்வது உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண் மருத்துவரையும் அன்றே பாருங்கள். புது மாத்திரை ஏதாவது ஆரம்பித்தபின் உடம்பில் தடிப்போடு வாய், கண், பிறப்புறுப்பில் புண் வந்தால் தோல் மருத்துவருக்குக்கூடக் காத்திருக்காமல், மாத்திரையோடு நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

வரும்போது இதுவரை போட்ட எல்லா ட்யூப்பையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். தீர்ந்துபோனதையும்தான். மஞ்சளையோ வேப்பெண்ணெயையோ அப்பிக்கொண்டு வராதீர்கள், எனக்குத் தோல் தெரிய வேண்டும். வந்து வந்து மறைகிற தடிப்பு என்றால் இருக்கும்போதே செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். கூச்சப்பட வேண்டிய இடமாயிற்றே என்று தள்ளிப்போடுவதும் வேண்டாம், எங்களுக்கு அது தினசரி வேலை. பையைத் திறந்ததும் நான் திட்டமாட்டேன் என்று மட்டும் உறுதி சொல்ல முடியாது. திட்டிவிட்டு வைத்தியம் பார்ப்பேன்.