நிழல் விழாத ஊர்: போர் நினைவுக்கு விஆர் வைத்தியம் எப்படி வேலை செய்யுது?

ஹாருன் ஃபரோக்கின்னு ஒரு ஜெர்மன் டைரக்டர், அவரோட அப்பா இந்தியாவுல இருந்து போனவர். 2009-10ல 'சீரியஸ் கேம்ஸ்'னு நாலு பகுதியா ஒரு வீடியோ இன்ஸ்டலேஷன், அதாவது கண்காட்சி அரங்குல ஓடுற வீடியோ படைப்பு, பண்ணாரு. அமெரிக்க ராணுவம் கம்ப்யூட்டர் கேமை எதுக்கெல்லாம் யூஸ் பண்ணுதுன்னு பெருசா விளக்கம் சொல்லாம அப்படியே காட்டுவாரு.

மூணாவது பகுதிதான் என்னை ரொம்ப பாதிச்சது. பக்கத்து பக்கத்துல ரெண்டு படம் ஓடும், ஒண்ணுல விஆர் (வர்ச்சுவல் ரியாலிட்டி, கம்ப்யூட்டர் உருவாக்குற உலகத்துக்குள்ளயே இருக்கிற மாதிரி காட்டுறது) ஹெட்செட்டைக் கண்ணுல மாட்டின ஆள், இன்னொண்ணுல அவர் கண்ணுக்குத் தெரியுற ஈராக் தெரு. ரோந்து போனப்ப கூட வந்தவர் செத்துப்போனதைச் சொல்றாரு, குரல் உடையுது, தெரபிஸ்ட் விடாம அடுத்து என்ன நடந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. கடைசியில கைதட்டல் கேக்குது, அப்பதான் தெரியும் அவர் நோயாளியே இல்ல, தெரபிஸ்ட்டுகளுக்கு இந்த சாஃப்ட்வேரை எப்படி யூஸ் பண்றதுன்னு நடிச்சுக் காட்டினவர்.

போர் அதிர்ச்சியில இருந்து மீள முடியாத வீரர்களுக்கு வைத்தியம் பாக்குற அந்த சாஃப்ட்வேர் பேரு 'வர்ச்சுவல் ஈராக்', தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ஸ்கிப் ரிஸோ டீம் உருவாக்கினது. தெரபிஸ்ட் கையில தனி ஸ்க்ரீன் இருக்கும், பகலா ராத்திரியா, ஹெலிகாப்டர் வரணுமா, குண்டு எப்ப வெடிக்கணும், எல்லாம் நோயாளி பேசப் பேச அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. வெடிச்சா காலுக்குக் கீழ தரை அதிரும். டீசல், எரியுற ரப்பர் வாசனையைக் கூட ஒரு மெஷின் விடும். வாசனை ஏன் அவ்ளோ முக்கியம்னா, பார்க்கிறது கேக்கிறதெல்லாம் மூளையில தலாமஸ்னு ஒரு இடத்தைத் தாண்டித்தான் போகணும், வாசனை மட்டும் அங்க நிக்காமலேயே பயத்தைக் கவனிக்கிற அமிக்டலாவுக்குப் போயிடும்.

சரி, வலிச்ச இடத்துக்கே ஏன் திரும்பக் கூட்டிட்டுப் போகணும்? பயந்து ஒதுங்குற வரைக்கும் 'இப்ப ஆபத்து இல்ல'ன்னு மூளை கத்துக்க வாய்ப்பே கிடைக்காது. பாதுகாப்பான ரூம்ல, கூட ஒரு ஆள் இருக்க, அதே நினைவைத் திரும்பத் திரும்ப சொல்லும்போது படபடப்பு கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். பழைய நினைவு அழியுறதில்ல, அது மேல 'அது முடிஞ்சுபோச்சு'ன்னு ஒரு புது நினைவு வளருது, அதனாலதான் பெரிய மன அழுத்தம் வந்தா பழைய பயம் சிலருக்குத் திரும்ப எட்டிப் பார்க்கும்.

நாலாவது பகுதியில ஃபரோக்கி ஒண்ணைக் கவனிக்கச் சொல்றாரு. போருக்குப் போறதுக்கு முன்னாடி வீரர்களுக்குப் பயிற்சி குடுக்கிற சாஃப்ட்வேர்ல எல்லாத்துக்கும் நிழல் விழுது, திரும்பி வந்தவங்களுக்கு வைத்தியம் பாக்குறதுல நிழலே இல்ல, அது விலை குறைஞ்சது. கம்ப்யூட்டருக்கு நிழல் சும்மா வராது. முதல்ல சூரியன் இருக்கிற இடத்துல இருந்து காட்சி முழுசையும் ஒரு தடவை வரைஞ்சு, வெளிச்சம் எவ்ளோ தூரத்துல போய் முட்டுதுன்னு குறிச்சு வெச்சுக்கணும், அப்புறம் நம்ம கண்ணுக்குத் தெரியுற ஒவ்வொரு புள்ளியையும் அதோட ஒப்பிட்டு, நடுவுல ஏதாவது மறைச்சா கறுக்கணும். தலை திரும்பத் திரும்ப இதை நொடிக்குப் பல தடவை செய்யணும், அதுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு, நேரம், காசு எல்லாம் வேணும்.

நிழல் இல்லாட்டியும் வைத்தியம் நடக்கும்ங்கிறது உண்மைதான், சத்தமும் வாசனையும் சொந்த வாயால சொல்ற கதையும் இருந்தா மிச்சத்தை மூளையே நிரப்பிக்கும். ஆனா போகும்போது ஒருத்தனுக்குச் செலவு பண்ண மனசு வந்தவங்களுக்கு, அவன் உடைஞ்சு திரும்பி வரும்போதும் அதே மனசு வந்திருக்கணும்.