சிமுலேஷன்: உருவகமா, போலச்செய்தலா?

சிமுலேஷன் என்ற சொல், 'போன்ற' எனப் பொருள்படும் சிமிலிஸ் என்னும் லத்தீன் சொல்லோடு உறவுடைய சிமுலாரே என்ற வினையிலிருந்து பிறந்தது. ஆங்கிலத்தில் அது நெடுங்காலம் பாசாங்கையே குறித்தது; ஒன்றன் இயக்கத்தைக் கணக்கால் நடத்திப் பார்த்தல் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் அதில் ஏறியது.

தமிழில் பாவனை, ஒப்புருவாக்கம், உருவகப்படுத்தல், போலச்செய்தல் ஆகியவை வழங்குகின்றன. பாவனை இலங்கைத் தமிழில் பயன்பாட்டைக் குறிப்பதால் குழப்பம் தரும். உருவகப்படுத்தல் எனக்கு உடன்பாடில்லை. உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை நீக்கி இரண்டையும் ஒன்றெனக் கூறுவதையே அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் உருவகம் என்கிறது. சிமுலேஷனிலோ அந்த வேற்றுமையை ஒருபோதும் மறக்கக் கூடாது.

நரம்பு செல்லைக் கற்பிக்கும்போது இது தெளிவாகிறது. ஊசிக்கணவாயின் பருத்த ஆக்ஸானை, அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழையை, ஆராய்ந்த உடலியங்கியல் அறிஞர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், அதன் சவ்வில் மின்னழுத்தம் மாறும் விதத்தை 1952இல் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளாக (மாறும் வேகத்தைத் தரும் சமன்பாடுகளாக) எழுதினர். ஹக்ஸ்லி கைப்பிடி சுழற்றும் கணக்கிடு பொறியில் வருந்திப் போட்ட அக்கணக்கை இன்று எந்த மடிக்கணினியும் நொடியில் முடிக்கிறது. அதனால் மாணவர் தாமே தூண்டலைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம்: ஓய்வுநிலையில் சுமார் −65 மில்லிவோல்ட்டாக இருக்கும் மின்னழுத்தம், ஓர் எல்லை வரை லேசாக அசைந்து அடங்குகிறது, எல்லையைத் தாண்டியதும் ஒரே பாய்ச்சலாக எழுகிறது, அதன்பின் தூண்டலை இருமடங்காக்கினாலும் உயரம் ஏறக்குறைய மாறுவதில்லை. சோடியம் கடத்துதிறனை, அதாவது சவ்வு சோடியம் அயனிகளைக் கடத்தும் அளவை, சுழியமாக்கினால், அந்த அயனிகள் நுழையும் சோடியம் கால்வாய்களைப் பேத்தை மீனின் நஞ்சு அடைத்தாற்போல, பாய்ச்சலே எழாது. பாடநூல் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் இந்தக் காரண காரியத் தொடர்பு இவ்வளவு அழுத்தமாக மனத்தில் பதியாது என்றே கருதுகிறேன்.

இத்தனைக்கும் கணினிக்குள் ஒரு சோடியம் அயனிகூடப் பாயவில்லை. ஒத்திருப்பது நடத்தை மட்டுமே. தொல்காப்பியர் உவமம் தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுத்தார். இங்கே இருப்பது வினையொப்பு. வடிவைச் சுட்டும் ஒப்புருவாக்கம் அதனாலேயே பொருந்தாமற் போகிறது.

ஆகவே சமன்பாடுகளின் தொகுதியை மாதிரி என்றும், அதை இயக்கிப் பார்ப்பதைப் போலச்செய்தல் என்றும் வழங்கலாம். சொல் சற்று நீளம்தான். ஆனால் வினையாக இயல்பாய்த் திரிந்து, 'சோடியம் இல்லாத நிலையைப் போலச்செய்து பாருங்கள்' என்று வகுப்பறையில் சொல்ல இடந்தருகிறது.