ஒரு கதியாலுக்கு ஒரு ஓணான்

பரந்தனில் இருந்து ஒரு வாசகி வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருந்தார். ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன் ஒரே கண்ணாடித் தொட்டிக்குள் இரண்டு ‘பியர்டட் ட்ரகன்’ வளர்க்கிறான். விளக்குக்குக் கீழே ஒரு கட்டை. கட்டையில் சின்னது படுத்திருக்க, அதன் முதுகில் ஏறிப் பெரியது படுத்திருக்கிறது. “சேர், எவ்வளவு பாசம் பாருங்கோ. ஆனா சின்னது ஒழுங்காச் சாப்பிடுதில்லையாம். ரெண்டையும் பிரிச்சு வைக்கச் சொல்லி வைத்தியர் சொல்லிப்போட்டாராம். தனிய விட்டா ஏங்கிப் போகாதோ?”

ஏங்காது. வைத்தியர் சொன்னதுதான் சரி.

‘பியர்டட் ட்ரகன்’ என்பதைத் தமிழில் தாடி ஓணான் என்று வைத்துக்கொள்வோம். அவுஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதிதான் அதன் சொந்த ஊர். கோபம் வந்தால் தொண்டைத் தோல் உப்பிக் கரிச்சட்டி மாதிரிக் கறுக்கும், அதுதான் தாடி. எங்கள் வேலி ஓணானும் அதுவும் ஒரே குடும்பம், அகாமிடே. ஆகவே பதிலைத் தேடி ரொறன்ரோ போகத் தேவையில்லை, என் வீட்டுக் கிளுவை வேலியே போதும்.

சித்திரை வெயிலில் பாருங்கள். தலை சிவந்த ஆண் ஒன்று ஒரு கதியாலின் உச்சியில் இருந்து தண்டால் எடுக்கும். இன்னொரு ஆண் பக்கத்துக் கதியாலில் ஏறினால் போதும், துரத்தல்தான். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். சாட்சி எங்கே, உறுதி இல்லாத காணிக்காரன்! சிவந்த தொண்டையைப் பார்த்துவிட்டு இரத்தம் உறிஞ்சுகிறது என்று கெற்றப்போல் தூக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் சொல்லிக் கொடுத்த பெரியவர்களைத்தான் ஏச வேண்டும். அந்தச் சிவப்பு அதனுடைய கலியாண உடுப்பு.

வேலியில் தோற்றது ஓடிப்போய் வேறு கதியால் பிடிக்கும். தொட்டிக்குள் ஓட இடமில்லை. குட்டிகளை ஒன்றாக விட்டால் ஒன்றின் விரலை, வால் நுனியை மற்றது கடித்துவிடும். பல்லி வால்போல் அது திரும்ப முளைப்பதும் இல்லை. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் பெண் ஓயாமல் முட்டையிட்டு உடம்பில் உள்ள கல்சியத்தை இழக்கும். சில வேளை சின்னது முன்னங்காலைத் தூக்கி மெதுவாகச் சுழற்றும். டாட்டா காட்டுகிறது என்று வீட்டில் சிரிப்பார்கள். “நான் உன்னோடு மோத வரவில்லை” என்பதுதான் அதன் அர்த்தம்.

ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் சண்டை இல்லை, அந்தக் கட்டை. குளிர் இரத்தப் பிராணிக்கு வெளியிலிருந்து சூடு வேண்டும் என்பது பள்ளிப்பாடம். தாடி ஓணானுக்கு விளக்கின் கீழ் 40 பாகை அளவில் ஒரு இடம் வேண்டும், இல்லாவிட்டால் தின்றது செரிக்காது. இது பாதிக் கதைதான்.

அதன் தோலில் கொலஸ்திரோலுக்கு உறவான ஒரு பொருள் இருக்கிறது. அணுக்கள் நான்கு வளையங்களாகக் கோத்த மூலக்கூறு. புற ஊதா ‘பி’ கதிர், அதாவது 290 முதல் 315 நனோமீற்றர் வரை அலைநீளம் உள்ளது, பட்டதும் ஒரு வளையம் ஓரிடத்தில் விட்டுப்போகிறது, காப்பை ஒரு பக்கம் நறுக்கியது மாதிரி. கிடைப்பது முன்விற்றமின். இது விற்றமின் டி ஆக மாற இனி வெளிச்சம் வேண்டாம், சூடுதான் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல்: மூலக்கூறு மடங்கி நிற்கும்போதுதான் மாற முடியும், விட்டால் நிமிர்ந்துகொள்ளும். தோல் கலத்தின் மென்சவ்வு அதை நிமிர விடுவதில்லை. முல்லைத்தீவு பஸ்ஸில் நெரிசலுக்குள் கையை மடக்கியபடியே நிற்கிறோமே, அப்படி. 1995இல் இகுவானா என்ற பெரிய பல்லியினத்தின் தோலில் அளந்து பார்த்தார்கள். 25 பாகையில், வெறும் கரைப்பானுக்குள் முன்விற்றமினில் பாதி மாற 72 மணித்தியாலம் எடுத்தது. தோலுக்குள் 8 மணித்தியாலம். இகுவானாத் தோலை ஆராய எதற்குக் காசு என்று அன்றைக்கு ஒருவர் கையெழுத்துப் போட மறுத்திருந்தால் இது தெரிந்திராது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது, சுற்றிவர ஓணானும் இருக்கிறது. ஓணானை ஆராயப்போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் சிரிப்பது வீட்டுக்காரர்தான்.

சரி, இப்போது வீடியோவைத் திரும்பப் பாருங்கள். மேலே இருப்பது புற ஊதாக் கதிரையும் சூட்டையும் ஒன்றாக வாங்குகிறது. கீழே இருப்பதற்குக் கதிர் இல்லை, சூடும் அரைகுறை. விற்றமின் டி இல்லாமல் குடல் கல்சியத்தை எடுக்காது. உடம்பு எலும்பில் இருந்து கடன் வாங்கும். கடைசியில் தாடை றப்பர் மாதிரி வளையும். பாசம் என்று நாம் பார்த்தது கட்டையைப் பிடித்த கதை. ஜன்னலோரம் வைத்தால் போதாதோ என்று கேட்காதீர்கள், கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. விளக்கும் எரிந்துகொண்டே இருக்க அதன் புற ஊதா குறைந்துவிடும், காலத்துக்குக் காலம் மாற்ற வேண்டும்.

இதையெல்லாம் வாசகிக்கு எழுதினேன். பெடியன் இரண்டாவது தொட்டி வாங்கி, ஒன்றையொன்று பார்க்காமல் நடுவே மட்டையும் வைத்துவிட்டானாம். சின்னது சாப்பிடத் தொடங்கிவிட்டது. பெரியதுதான் இப்போது கண்ணாடியில் தன் உருவத்தைப் பார்த்துத் தாடி கறுக்கிறதாம். அந்தப் பக்கத்துக்கும் ஒரு கடதாசி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.