குறைபாடு வேறு, தணிவு வேறு

ஜூன் 26, போதை ஒழிப்பு நாள் வந்துவிட்டால் எங்கள் குமரி மாவட்டத்தில் களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழி வரை பேரணித் தட்டிகளில் ஒரே வாசகம்தான்: ‘கஞ்சா புகைத்தால் நோய் எதிர்ப்பு சக்தி குறைபாடு உண்டாகும்.’ பிள்ளைகள் அதையே கோஷமாகவும் போடுகிறார்கள். நோக்கத்தில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. அந்தச் சொல்லில்தான் வழக்கு. நீண்ட நாள் கஞ்சா புகைப்பவரின் உடலில் நடப்பதற்கு ‘குறைபாடு’ என்று பெயர் வைத்தது தவறு. கேட்கிறவர்களை அது திசை மாற்றி விடுகிறது.

இதற்கு ஆங்கில மூலச் சொல் இம்யூனோசப்ரெஷன். முன்பாதியான ‘இம்யூன்’, லத்தீனில் ‘இம்மூனிஸ்’. ஊர்ப்பொறுப்பு, வரி ஆகியவற்றிலிருந்து விலக்குப் பெற்றவன் என்று பொருள். கல்வெட்டுத் தமிழில் வரிவிலக்குப் பெற்ற நிலத்தை இறையிலி என்றார்களே, ஏறக்குறைய அதே கருத்து. ஒரு நோயிலிருந்து விலக்குப் பெற்ற நிலை என்ற பொருளில் அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவத்துக்குள் வந்தது. பின்பாதி ‘சப்ரெஷன்’ என்பது அழுத்திக் கீழே வைப்பது. சொல்லின் பிறப்பு இவ்வளவுதான்.

தமிழில் முன்பாதிக்குப் பல பெயர்கள் உண்டு. ஈழத்தில் நிர்ப்பீடனம். நம் பாடநூல்களில் தடைக்காப்பு. செய்தித்தாளிலும் விளம்பரத்திலும் எதிர்ப்பு சக்தி. விளவங்கோடு பக்கம் மலையாளச் சேனல் பார்க்கிறவர்கள் ‘பிரதிரோதசேஷி’யையும் கேட்டிருப்பார்கள். என் ஓட்டு தடைக்காப்புக்கு. ‘சக்தி’ என்று சொன்னவுடனே அது ஏதோ தொட்டியில் நிரப்பி வைக்கும் பொருள் போல ஆகிவிடுகிறது. கூடினால் நல்லது, குறைந்தால் கெட்டது. கொரோனாவுக்குப் பிறகு லேசாகத் தடுமன் பிடித்தால்கூட ‘எதிர்ப்பு சக்தி இல்லை’ என்கிறோம். பொடியும் பானமும் விற்கிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. உண்மையில் தடைக்காப்பு அளவுமீறி வேலை செய்தாலும் தீனம்தான். முடக்குவாதம் அப்படி வருவது. தடையும் காப்பும் பல செல்கள் சேர்ந்து செய்யும் வேலை என்பதைத் ‘தடைக்காப்பு’ ஓரளவாவது சொல்கிறது. அப்புறம், ‘எதிர்ப்பு சக்தி’ என்று எழுதுகிற யாரும் நடுவில் ‘ச்’ போடுவதில்லை. எதிர்ப்புச் சக்தி என்றாவது எழுதுங்கள்.

இனி குறைபாட்டுக்கு வருகிறேன். மருத்துவத் தமிழில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. எச்.ஐ.வி.யின் தமிழ்ப் பெயரிலேயே ‘நோயெதிர்ப்புக் குறைபாடு’ வருகிறது. அங்கே அது பொருத்தம். அந்தக் கிருமி சிடி4 என்ற தடைக்காப்புச் செல்களை அழித்து எண்ணிக்கையையே குறைக்கிறது. பிறவியிலேயே சில செல்கள் உருவாகாத குழந்தைகளுக்கும் குறைபாடு என்பதே சரி. இருக்க வேண்டியது இல்லை, அதனால் குறைபாடு.

கஞ்சா புகைப்பவரின் நுரையீரலில் என்ன நடக்கிறது? காற்றுப்பைகளுக்குள் பெருவிழுங்கு செல்கள் காவல் இருக்கின்றன. மூச்சோடு வரும் தூசியையும் பாக்டீரியாவையும் விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. அமெரிக்காவில், நெடுநாள் கஞ்சா புகைத்தவர்களின் நுரையீரலை உப்புநீரால் கழுவி இந்தச் செல்களை எடுத்துப் பார்த்தார்கள். புகைக்காதவர்களைவிட எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. ஆனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவோடு சேர்த்து வைத்தபோது அவற்றால் அதைச் சரியாகக் கொல்ல முடியவில்லை. மற்றச் செல்களைக் கூப்பிட அவை சுரக்கும் சைட்டோகைன்களும் குறைவு. ஆள் கூடியிருக்கிறது, வேலை மந்தம். இதைக் ‘குறைபாடு’ என்றால் பொருள் தலைகீழாகிறது.

காரணமும் ஓரளவு தெரிந்ததே. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சியை 1964இல் பிரித்தெடுத்தார்கள். அது போய் ஒட்டும் ஏற்பிகளில் இரண்டாவதான சிபி2 1993இல் அடையாளம் காணப்பட்டது. அது பெரும்பாலும் தடைக்காப்புச் செல்களில்தான் இருக்கிறது. டிஎச்சி அங்கே ஒட்டினால் செல்லின் வேகம் தணிகிறது. அழற்சி குறைவதும் இதனால்தான். மருந்தாக்கலாமா என்று ஆய்வாளர்கள் தேடுவதும் இந்தக் குணத்தைத்தான். இத்தோடு புகை தனியாகச் செய்யும் கேடு வேறு: மூச்சுக்குழாயின் உள்சுவரில் சளியைத் தள்ளிவிடும் நுண்மயிர்கள் அழிகின்றன. சிகரெட் தூளோடு கலந்து சுருட்டினால் புகையிலையின் கேடும் சேரும்.

அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2017இல் வெளியிட்ட பெரிய அறிக்கை இதையெல்லாம் எடைபோட்டது. நெடுநாள் புகைத்தால் இருமலும் சளியும் மூச்சுக்குழல் அழற்சியும் அதிகமாகும் என்பதற்கு வலுவான சான்று இருக்கிறது என்றது. மனிதரின் தடைக்காப்பு முழுவதற்கும் என்ன ஆகிறது என்று உறுதியாகச் சொல்லச் சான்று போதாது என்றும் சொன்னது. ‘குறைபாடு உண்டாகும்’ என்று தட்டியில் எழுதுகிறவர் அறிவியலே சொல்லாத ஒன்றை உறுதியாகச் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பையன் மூன்று வருடமாகப் புகைக்கிறான், இருமலைத் தவிர ஒன்றும் இல்லை. அதைப் பார்க்கிற இன்னொருவன் தட்டியை எப்படி நம்புவான்? எய்ட்ஸ் போல என்று சொன்னார்களே, அப்படி எதுவும் வரவில்லையே என்பான். அந்த இருமல்தான் விஷயம் என்பதை அவனிடம் யாரும் சொல்லவில்லை.

சரி, வேறு என்ன சொல்லலாம்? சிலர் ‘அடக்கம்’ என்கிறார்கள். நேர்ப்பொருள் சரிதான். ஆனால் நம் மாவட்டத்தில் ‘அடக்கம் எத்தனை மணிக்கு?’ என்றால் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற பேச்சு. ‘ஒடுக்கம்’ நல்ல சொல். ஆனால் வேண்டுமென்றே, பலமாக, மருந்து கொடுத்து அழுத்தி வைப்பதற்கு அதை ஒதுக்க வேண்டும். சிறுநீரகம் மாற்றியவர்கள் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடும் மாத்திரை அந்த வேலையைத்தான் செய்கிறது. கஞ்சா செய்வதற்குத் ‘தணிவு’ போதும்: தடைக்காப்புத் தணிவு. காய்ச்சல் தணிந்தது, கோபம் தணிந்தது என்று தினமும் பேசுகிற சொல். இருப்பது இருக்கிறது, வேகம் குறைந்திருக்கிறது என்பது கேட்டதும் புரியும். விட்டால் திரும்ப வாய்ப்பு உண்டு என்பதையும் அது மறைக்கவில்லை. புகைப்பதை நிறுத்தியவர்களுக்கு இருமலும் சளியும் குறைவதை அதே அறிக்கை குறித்திருக்கிறது.

துண்டறிக்கை மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஆங்கிலத்தில் டெஃபிஷியன்சி (இல்லாமல் போவது), சப்ரெஷன் (அழுத்தி வைப்பது), மாடுலேஷன் (கூட்டியோ குறைத்தோ மாற்றுவது) என்று மூன்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மூன்றும் தமிழுக்கு வரும்போது ‘எதிர்ப்பு சக்தி பாதிப்பு’ என்றோ ‘குறைபாடு’ என்றோ ஒரே சாக்கில் விழுகின்றன. குறைபாடு, ஒடுக்கம், தணிவு எல்லாம் நம்மிடமே இருக்க, எடுத்துப் பயன்படுத்த என்ன தடை?

பிரித்துச் சொல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்தான இடமும் உண்டு. காய்ந்த கஞ்சாப் பூவில் அஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கலாம். பற்றவைக்கிற சூட்டில் எல்லாம் சாவதில்லை. மற்றவர்கள் பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். உறுப்பு மாற்றி ஒடுக்க மருந்து சாப்பிடுகிறவருக்கு அது நுரையீரலில் வளர்ந்து உயிருக்கு ஆபத்து விளைவித்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. ஏற்கெனவே ஒடுக்கத்தில் இருக்கும் ஒருவர் அதன்மேல் தணிவையும் பூஞ்சையையும் சேர்த்து இழுக்கிறார். அவரிடம் போய் ‘எதிர்ப்பு சக்தி குறையும்’ என்றால், ‘அது எனக்கு முன்பே குறைவுதானே’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.