நெபுலைசர் கேட்டு வரும் பெற்றோருக்கு

சளி பிடித்த கைக்குழந்தைக்கு மருந்து எழுதாமல் அனுப்பினால் பெற்றோருக்குக் கோபம் வருகிறது. "ஒரு ஆன்டிபயாடிக்காவது கொடுங்க டாக்டர்" என்பார்கள். மறுத்தால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். இந்த வாரம் அப்படி வந்த நான்கு மாதக் குழந்தையைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணனுக்குப் போன மாதம் கொடுத்து மீந்த ஆன்டிபயாடிக் சிரப், தெரிந்தவரிடம் வாங்கிய நெபுலைசர் (மருந்தை நுண்துளியாக்கி மூச்சில் செலுத்தும் மெஷின்) என்று மூன்று நாள் வீட்டிலேயே வைத்தியம் நடந்திருக்கிறது. (பொடியில் தண்ணீர் கலந்து தயாரித்த ஆன்டிபயாடிக் சிரப் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம்தான் தாங்கும். மீந்ததைக் கொட்டிவிடுங்கள்.) "ராத்திரியிலிருந்து இருமல் குறைஞ்சிடுச்சு டாக்டர், பால்தான் குடிக்க மாட்டேங்கிறான்" என்றார் அம்மா. சட்டையை விலக்கினால், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே தோல் குழிவிழுகிறது. குழந்தை தேறியதால் இருமல் குறையவில்லை. இருமக்கூடத் தெம்பில்லாமல் களைத்துப்போயிருந்தான். உடனே ஆக்ஸிஜன் வைத்து அட்மிட் செய்தோம். பிழைத்துக்கொண்டான்.

இதுதான் பிராங்கியோலைட்டிஸ். நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக்குழாய்களில் வரும் வைரஸ் தொற்று. 2 வயதுக்குள்தான் வரும், அதிலும் ஒரு வயதுக்குள் அதிகம். பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸ் காரணம். பெரியவர்களுக்கு அதே வைரஸ் பெரும்பாலும் சாதாரண ஜலதோஷத்தோடு போய்விடும்.

வைரஸ் என்பதால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. இதைச் சொன்னால் ஏற்றுக்கொள்பவர்கள்கூட நெபுலைசர் விஷயத்தில் விடுவதில்லை. "நெஞ்சில் விசில் சத்தம் கேட்குது, மூத்தவளுக்கு ஆஸ்துமாவுக்கு வச்சதும் சரியாச்சே" என்கிறார்கள். ஆஸ்துமாவில் காற்றுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. நெபுலைசரில் வைக்கும் சால்பியூட்டமால் என்ற மருந்து அந்தத் தசையைத் தளர்த்துகிறது, மூச்சு இலகுவாகிறது. இந்த நோயில் அடைப்புக்குக் காரணம் குழாயின் உட்சுவர் வீங்கியதும், உதிர்ந்த செல்களும் சளியும் சேர்ந்து அடைத்துக்கொண்டதும்தான். தசையைத் தளர்த்தி என்ன பயன்? இதயம்தான் படபடவென்று அடிக்கும், கை கால் நடுங்கும். வீக்கத்தைக் குறைக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் இதில் பலன் தருவதில்லை. சால்பியூட்டமால், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் மூன்றையும் இதற்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இலும், பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் நைஸ் அமைப்பு 2015-இலும் வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டன. ஆனாலும் கேட்டால் கொடுத்துவிடும் டாக்டர்கள் இருக்கிறார்கள். என் சகாக்கள்மீதும் எனக்கு வருத்தம்தான்.

மருந்தால் குணமானதுபோல் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் வெறும் மூக்கொழுகல். 3 முதல் 5-ஆம் நாள்வரை உச்சம். அப்புறம் தானாக இறங்கும். ஐந்தாம் நாள் டாக்டரை மாற்றுகிறார்கள், ஆறாம் நாள் குழந்தை தேறுகிறது, பெயர் புது மருந்துக்குப் போகிறது. இருமல் மட்டும் மூன்று வாரம்வரைகூட இழுக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம்.

இருமல் சத்தத்தைவிட முக்கியம் மூச்சும் பாலும். குழந்தை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரம் வைத்து முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குக் கீழ் 60, அதற்குமேல் ஒரு வயதுவரை 50, இவற்றைத் தொட்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இரண்டு முறை உறிஞ்சிவிட்டு வாயை எடுத்து மூச்சு வாங்குகிறதா, வழக்கமான பாலில் பாதிதான் குடிக்கிறதா, 12 மணி நேரமாக டயபர் நனையவில்லையா, அப்போதும் அப்படித்தான். நெஞ்சு நன்றாக உள்ளே இழுத்தாலோ, முனகினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பினால் எழவில்லை என்றாலோ ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள். மூச்சு சில விநாடி நின்று வந்தது என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குக் கீழ் உள்ளவை, குறைமாதத்தில் பிறந்தவை, இதயக் கோளாறு உள்ளவை என்றால் இவை எதுவும் வரும்வரை காத்திருக்காதீர்கள். சளி பிடித்த உடனே காட்டிவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பால் கொடுக்குமுன் மூக்கில் சலைன் சொட்டு விட்டுச் சுத்தம் செய்யுங்கள். மூக்கு அடைத்திருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுங்கள். இருமல் சிரப் வேண்டவே வேண்டாம். ஆவி பிடிக்க வைக்காதீர்கள், வெந்நீர் கொட்டிப் புண்ணோடு வருகிறார்கள். வீட்டில் யார் சிகரெட் பிடித்தாலும் நோய் கடுமையாகும். பால்கனியில் பிடித்தேன் என்பதெல்லாம் சமாதானமே இல்லை, புகை சட்டையோடு உள்ளே வருகிறது.

ஆர்எஸ்வியைத் தடுக்கக் கர்ப்பிணிகளுக்கான தடுப்பூசியும், குழந்தைக்கே போடும் நிர்செவிமாப் என்ற ஊசியும் 2023-இலிருந்து பல நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்திருக்கின்றன. உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். சளி பிடித்த யாரும், பாட்டியே ஆனாலும், கைக்குழந்தையைத் தூக்க வேண்டாம், முத்தம் கொடுக்க வேண்டாம். சொல்லச் சங்கடமாக இருந்தால் டாக்டர் சொன்னார் என்று என்மீது பழியைப் போட்டுவிடுங்கள்.