கால் எரிச்சலுக்கு எந்தக் குறியீடு?

"பாதம் எரிகிறது, தரையில் நடந்தால் பஞ்சில் நடப்பது போல் இருக்கிறது." அமெரிக்காவில் ஒரு நோயாளி டாக்டரிடம் சொல்லும் இந்தக் குறை, கொஞ்ச நாளில் சென்னையிலோ திருச்சியிலோ ஒரு மெடிக்கல் கோடரின், அதாவது டாக்டரின் குறிப்பை நோய்க் குறியீடுகளாக மாற்றுபவரின், திரைக்கு வரலாம். அவர் அந்தக் குறிப்பைப் படித்து, ஐசிடி-10-சிஎம் என்ற அமெரிக்க நோய்க் குறியீட்டுத் தொகுப்பிலிருந்து சரியான குறியீட்டை எடுக்க வேண்டும்.

ஏன் பாதம் முதலில்? முதுகுத்தண்டின் அருகிலிருந்து கால் விரல் வரை ஓடும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதன் முனை வரைக்கும் ஊட்டம் போய்ச் சேர வேண்டும். சர்க்கரை நோய், பி12 குறைபாடு, அமிலாய்டோசிஸ் (உடலில் ஒருவகைப் புரதம் படியும் நோய்) என எது வந்து நரம்பைக் கெடுத்தாலும் பெரும்பாலும் நீளமான இழைதான் முதலில் தளர்கிறது. அதனால் அறிகுறியை மட்டும் பார்த்து மூல நோயைச் சொல்லிவிட முடியாது.

குறியீட்டு முறையும் இதே தர்க்கத்தில்தான் இயங்குகிறது. வேறொரு நோயால் பல நரம்புகள் கெட்டிருந்தால் ஜி63. ஆனால் அது தனியாக நிற்காது. மூல நோயின் குறியீடு முன்னால் வர வேண்டும், ஜி63 அதன் பின்னால். சர்க்கரை நோய் போன்ற சிலவற்றுக்கு வழி வேறு: நோயும் நரம்புப் பாதிப்பும் சேர்ந்தே ஒரே குறியீடு. இரண்டாம் வகை என்றால் ஈ11.42. அமெரிக்காவில் 2015 அக்டோபருக்கு முன், பழைய ஐசிடி-9 இருந்த காலத்தில், இதற்கே 250.60, 357.2 என்று இரண்டு எழுத வேண்டியிருந்தது.

சிக்கல் இங்கேதான். பல வருடமாக மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம். டாக்டர் குறிப்பில் சர்க்கரை நோய், பெரிஃபெரல் நியூரோபதி (கை கால் நரம்புப் பாதிப்பு) என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிவிட்டுக் காரணத்தைச் சொல்லவில்லை என்றால், விதிப்படி இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே கோடர் கொள்ள வேண்டும், ஈ11.42 போட வேண்டும். அதே டாக்டர் "பி12 குறைபாட்டினால்" என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் முதலில் பி12 குறைபாட்டுக்கான ஈ53.8, பிறகு ஜி63. அந்த ஒரு சொல்லில் நோயாளியின் வரலாறே மாறுகிறது. பி12 குறைபாட்டைச் சரிசெய்ய வைட்டமின் கொடுத்தாலே போதும்; அது தெரியாமல் காலம் போனால் நரம்பு முழுதாக மீளாமலும் போகலாம். அடுத்த டாக்டர் திறந்து பார்க்கப்போவது இந்தப் பதிவைத்தான்.

சரி, சார்ட்டில் பி12 அளவு குறைவாகத் தெரிகிறது, டாக்டர் ஒன்றும் எழுதவில்லை. கோடரே முடிவு செய்யலாமா? கூடாது. ஆய்வக எண்ணை வைத்து நோயைச் சொல்வது டாக்டரின் வேலை. கோடர் டாக்டருக்கு ஒரு க்வெரி, அதாவது விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்பலாம். அதிலும் "இது பி12 குறைபாட்டினால்தானே?" என்று பதிலைக் கையில் கொடுத்துக் கேட்கக் கூடாது. ஆய்வக அளவையும் அறிகுறிகளையும் மருந்தையும் எடுத்து வைத்து, நரம்புப் பாதிப்புக்குக் காரணம் எது என்று கேட்க வேண்டும். சர்க்கரை நோய், பி12 குறைபாடு, வேறு காரணம், தீர்மானிக்க இயலவில்லை என்ற எல்லாத் தேர்வுகளும் அதில் இருக்க வேண்டும். டாக்டர் பதில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே குறியீடு மாறும்.