வாய்மொழி உத்தரவு உங்களைக் காப்பாற்றாது: அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு

செங்கல் சூளை வேலைக்கு வந்த குடும்பம் பிள்ளையைச் சேர்க்க வந்தால், "டிசி வாங்கிட்டு வாங்க" என்று சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்புவது இன்னும் நடக்கிறது. அங்கே போனால், "எச்.எம். மீட்டிங் போயிருக்கார், திங்கக்கிழமை வாங்க." கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். பிள்ளை சூளையிலேயே நின்றுவிடுகிறது.

எட்டாம் வகுப்பு வரை இப்படித் திருப்பி அனுப்பவே கூடாது. 2009 கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5வது பிரிவுப்படி, அரசுப் பள்ளியில் சேர்க்க டிசி தாமதம் தடையில்லை. டிசியை இழுத்தடிக்கும் தலைமையாசிரியர் மீதுதான் நடவடிக்கை. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது; அது 14வது பிரிவு. "பழைய பள்ளி எமிஸ்ல விடுவிக்கல" என்பார்கள். எமிஸ் என்பது மாணவர் பதிவுகளை வைத்திருக்கும் அரசின் இணையதளம்; அதில் பெயரை விடுவிப்பது இரண்டு பள்ளிகள் பேசித் தீர்க்க வேண்டியது. அதுவரை பிள்ளை வகுப்பில் உட்காரட்டும். 'மேலே சொன்னார்கள், அனுப்பினேன்' என்றால் புகார் வரும்போது மேலே யாரும் இருக்க மாட்டார்கள். அந்த உத்தரவை எழுத்தில் கேளுங்கள்.

இதைவிட ஆபத்தானது போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம். ஒரு பிள்ளை உங்களிடம் பாலியல் கொடுமையைச் சொன்னால், எச்.எம்.மிடம் சொல்லிவிட்டதோடு உங்கள் கடமை தீராது. 19வது பிரிவு காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லச் சொல்கிறது. "பள்ளி பேரு கெட்டுடும், முதல்ல நாமளே விசாரிப்போம்" என்று உட்கார வைப்பார்கள். உட்காராதீர்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்கவும் விடாதீர்கள். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை, தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்குப் பாயாது என்று அதே 19வது பிரிவே சொல்கிறது. இது தெரியாமல் பயந்து வாய்மூடிய ஆசிரியர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் 17(ஆ) குறிப்பாணை, அதாவது அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதிகளின்படி தரும் குற்றச்சாட்டுக் கடிதம். வாங்கிக் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது, தைரியமாக வாங்குங்கள். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க சார், ஃபைலை முடிச்சிடலாம்" என்று அலுவலகத்தில் யாராவது அன்பாகச் சொன்னால் எழுதாதீர்கள். அந்தக் கடிதமே பிறகு உங்கள் ஒப்புதலாக ஃபைலில் நிற்கும். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணங்களின் நகலைக் கேளுங்கள். நாள் போதாவிட்டால் கெடு முடிவதற்குள் எழுதி அவகாசம் கேளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டுதான் அலுவலகத்தை விட்டு வெளியே வரவேண்டும்.